காகிதத்தில் ஏறிய வாசம்

ஆர்ட்கெல், ஸ்காட்லாந்து
23 மார்ச் 2025

அன்புள்ள ஞானதீபம் அக்காவுக்கு,

ஜெப்ஸி எழுதுகிறேன். கர்த்தர் கிருபையால் உயிரோடும் இருமலோடும் இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி? பள்ளிக்கூட மாடிப்படியை இன்னும் நாளுக்கு நாலு தரம் ஏறி இறங்குகிறாயா? வேண்டாம் என்று நான் சொன்னால் ஐந்து தரம் ஏறுவாய்.

எனக்கு வேலை கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. கிளாஸ்கோ படிப்பை முடித்துவிட்டு ஓட்டலில் ஐந்து மாதம் தட்டு கழுவிய காலம் போய்விட்டது. இப்போது செய்வது படித்த வேதியியலுக்கு ஏற்ற வேலைதான். இனிமேல் வருவதை உட்கார்ந்துகொண்டு படி. இது ஜின் காய்ச்சுகிற இடம்.

ஆமாம், சாராயம். முதலாளி மோராக் என்ற அறுபது வயது அம்மாள். வெறும் சாராயத்தைப் பீப்பாயில் வாங்கி, அதில் ஜூனிப்பர் என்ற முள்செடியின் காயை ஊறப்போட்டு, கூடவே இந்த மலையிலும் கடற்கரையிலும் தானாக முளைக்கிற இலை, பூ, பட்டையைச் சேர்த்துச் செம்புக் கொப்பரையில் காய்ச்சுவார்கள். எல்லாம் எட்டு மைலுக்குள் பறித்தது என்று பாட்டிலில் அச்சடித்திருக்கிறது. பறிப்பது, காயவைப்பது, நிறுப்பது, முகர்வது, இவை என் வேலை.

வேலைக்கு எடுக்கும்போது ஐந்து கண்ணாடிக் குவளைகளை வைத்து எது மாறியிருக்கிறது என்று கேட்டாள். நான் ஐந்தையும் சரியாகச் சொன்னேன். "உனக்கு இந்த மூக்கு எங்கே கிடைத்தது?" என்று ஆச்சரியப்பட்டாள். பத்து வருஷம் என் புருஷன் சட்டையை ஊறப்போடும் முன் முகர்ந்த மூக்கு இது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கடையில் வாங்கின பிராந்தியா, துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கொடுத்த ஜின்னா, குடித்து எத்தனை மணி நேரமாயிற்று என்பது வரை சொல்வேனே. முதல் நாள் ஜூனிப்பர் மூட்டையைத் திறந்ததும் வெளியே ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். அது எங்கள் படுக்கையறை வாசம், அக்கா.

அத்தானுக்கு மூலிகை எண்ணெய் ஆய்வுக்கூடம் என்று எழுதியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். நீ ஃபோனைத் தொடமாட்டாய், நாங்களும் ஃபோனில் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் "அலோ" என்றாலே நாக்கு குழறுகிறதா என்று நான் காதைத் தீட்டுவேன். அது அவருக்குத் தெரிந்து சண்டை வரும். அதனால்தான் கடிதம் என்று முடிவு செய்தோம். குடித்த கை கோடு தாண்டும். இரண்டே கால் வருஷமாக அவர் எழுத்து கோடு தாண்டவில்லை.

அந்த மனுஷனிடம் போய், நான் ஜின் காய்ச்சுகிறேன் என்று எப்படி எழுதுவது? இன்னொரு தடவை அவர் விழுந்தால் தூக்க எனக்குத் தெம்பு கிடையாது. அவர் நின்றால்தான் எங்களுக்கு ஒரு வீடு.

களைப்பாக இருக்கிறது. படுக்கப் போகிறேன்.

உன் தங்கச்சி
ஜெப்ஸி


சாயர்புரம்
14 ஏப்ரல் 2025

ஏளா ஜெப்ஸிக்கு,

அக்காளின் அன்பும் திட்டும். மூட்டு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சமாதானமாகப் போகின்றன. உன் கடிதத்தைப் பிரித்ததும் குப்பென்று தைலம் மாதிரி ஒரு வாசம். சளியா? மிளகுக் கஷாயம் வை.

நன்றாக இருக்கிறதடி நம் குடும்பம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மதுவிலக்கு ஞாயிறு வந்தால் பேசுவதற்கு என்னைத்தான் நிறுத்துகிறார்கள். கூடப்பிறந்தவள் கொப்பரை வைத்துக் காய்ச்சுகிறாள். அங்கே காய்ச்சினால் கம்பெனி, இங்கே காய்ச்சினால் போலீஸ். பாஸ்டர் ஐயா "தங்கச்சிக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார். "செடி கொடி ஆராய்ச்சி" என்றேன். பலிபீடத்துக்கு முன்னாலேயே சொன்னேன், அந்தப் பாவம் உன் கணக்கில்.

மாப்பிள்ளை இரண்டாவது ஞாயிறு வந்தார். இளைத்திருக்கிறார், ஆனால் கண் தெளிவாக இருக்கிறது. என் மின்விசிறியைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினார். சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "மதினி, ரெண்டு வருசம் மூணு மாசம் ஆச்சு. நாக்கு இன்னும் கேக்கத்தான் செய்யுது. ஆனா அவ முகத்துல முழிக்கணும்லா."

அதனால் சொல்லாதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், தெரியும். ஆனால் இந்த மனுஷனுக்கு இப்போது தேவை நிம்மதி, உண்மை இல்லை. ஜெபிக்கிறேன். குளிரில் தலையை மூடிக்கொண்டு போ.

அக்கா
ஞானதீபம்


ஆர்ட்கெல்
4 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

தூத்துக்குடி வெயிலுக்கு உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நீர்க்கடுப்பு வராமல் இளநீர் குடியுங்கள். இங்கே மே மாதத்திலும் நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன். அது தவிரக் குறை ஒன்றும் இல்லை.

இப்போது மலைச்சரிவு முழுவதும் மஞ்சள் பூ. கோர்ஸ் என்று பெயர். முள் என்றால் உடைமுள் தோற்றுப்போகும். ஆனால் பூவை முகர்ந்தால் தேங்காய் எண்ணெய் வாசம். ஏரல் சந்தையில் செக்கெண்ணெய்க் கடையைத் தாண்டுகிற மாதிரி இருந்தது, ஒரு நிமிஷம் முள்ளோடு அப்படியே நின்றுவிட்டேன். நாளெல்லாம் பறித்தால் அரைக் கூடை. எல்லா விரலிலும் பிளாஸ்டர்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் காயவைக்கும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கட்டடத்தில் சூடான அறை இது ஒன்றுதான். என் எழுதும் தாளும் உறையும் இங்கேயே ஓர் இழுப்பறையில் கிடக்கின்றன. சுற்றிலும் இலையும் காயும் தட்டுத்தட்டாகக் காய்கின்றன.

ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன். என்னைச் சேர்த்து எட்டுப் பேர். பாட்டு எடுக்க ஆள் இல்லை.

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ஜெப்ஸி


தூத்துக்குடி
1 ஜூன் 2025

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

ரெக்சன் எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் 22ஆம் தேதி வந்தது.

இங்கே மரக்கப்பல் வந்திருக்கிறது. நான்கு நாளாக இரண்டு ஷிப்ட் டாலி எடுக்கிறேன். இறங்குகிற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கோடு, ஐந்தாவதுக்கு ஒரு குறுக்குக்கோடு. கண்ணை மூடினாலும் கோடு தெரிகிறது. கூட டாலி எடுக்கிற பாஸ்கல் அண்ணன் கேட்டார், "எலே, வீட்டுக்குப் போயும் சுவத்துல கோடு போடுவியோ?" என்று. காலண்டரில் போடுகிறேன், அது அவருக்குத் தெரியாது.

கோர்ஸ் பூவைப் பற்றி எழுதியிருந்தாய். விரலில் முள் இருந்தால் வெந்நீரில் ஊறவை.

சாயங்காலத்தில் யாரோடு இருக்கிறாய்? குளிருக்கு என்ன செய்கிறாய்? தனியாக உட்கார்ந்திருக்காதே. தனியாக உட்கார்ந்தால் மனது எங்கெங்கோ போகும். கோயிலுக்கு வருகிற அந்த ஏழு பேரில் ஒருவர் வீட்டுக்காவது போய் வா. உன்னிடம் ஒன்று கேட்க நினைத்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, விட்டுவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெக்சன்


ஆர்ட்கெல்
22 ஜூன் 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்து அச்சு மாதிரி இருந்தது. சந்தோஷம். என்ன கேட்க நினைத்தீர்கள்? கேளுங்கள். யோக்கியதை, அது இது என்று எழுதாதீர்கள்.

நானும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மோராக் அம்மாள் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். விசாக் காகிதங்களை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மனைவியோடு கணவரும் வரலாம். பட்டறையை ஒட்டினாற்போல் இரண்டு அறை வீடு தருவார்கள். செப்டம்பர் மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்லவேண்டும்.

நீங்கள் வருவீர்களா? அல்லது நான் அடுத்த வருஷம் விசா முடிந்ததும் திரும்பிவிடட்டுமா? எது சொன்னாலும் சம்மதம். ஆனால் நீங்கள் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் நானே முடிவு செய்து செய்து சலித்துவிட்டது அத்தான். வருவதாக இருந்தால் இந்த வேலையைப் பற்றி முன்னதாக ஒரு விஷயம் விவரமாக எழுதுகிறேன்.

இப்போது சேற்றுநிலத்தில் முழங்கால் வரை இறங்கி ஓர் இலை பறிக்கிறோம். கொசு, கொசுவைவிடச் சின்னதாக இன்னொரு பூச்சி, அது கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கிறது. கன்னம் வீங்கிப்போய் எழுதுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ஜெப்ஸி


தூத்துக்குடி
20 ஜூலை 2025

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

நான் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் கவலை. உன் கடிதம் வந்தது.

இங்கே காற்று அடிக்கிறது, வீடெல்லாம் புழுதி. மாதா கோயில் திருவிழாவுக்கு ராட்டினம் இறக்கிவிட்டார்கள். துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல். மூக்கில் கைவைத்தால் கரி.

மதினிக்குப் போன வாரம் ரேஷன் வாங்கிக் கொடுத்தேன். கிரைண்டர் கல் கொத்த ஆள் அனுப்பினேன்.

ஜெப்ஸி, உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேரத்துக்குத் தூங்கு. வெறும் வயிற்றோடு இருக்காதே. எதுவானாலும் ஒரே நாளில் சரியாகாது. ஒவ்வொரு நாளாகத்தான் தாண்டவேண்டும், எனக்குத் தெரியும்.

ரெக்சன்


ஆர்ட்கெல்
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் சுகத்தை விசாரிக்காதே.

அத்தானுக்கு ஜூன் மாதம் ஒரு கேள்வி கேட்டு எழுதினேன். இங்கே மூன்று வருஷ வேலை, வருகிறீர்களா என்று. பதில் வந்தது. ராட்டினம், நிலக்கரி, உன் வீட்டுக் கிரைண்டர். என் கேள்விக்கு ஒரு வரி இல்லை. ஜூலைக் கடைசியில் மறுபடி எழுதினேன். இந்த மாதமும் எழுதினேன். பேச்சே இல்லை. எழுத்து கோடு தாண்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. குடித்துவிட்டு உளறியிருந்தால் பழகின துக்கம். தெளிவாக இருந்துகொண்டு ஒரு மனுஷன் பெண்டாட்டி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன பெயர்?

உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியவில்லை அக்கா, அவர் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேனா என்று. கொப்பரைக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும். அதை அவரிடம் சொல்லவும் இல்லை. வா என்று கூப்பிட்டுவிட்டு எங்கே என்று சொல்லாமல் இருக்கிறேன்.

ஹீதர் பூ பறிக்கும் காலம். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது. நீ ஒரு நடை சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு எழுது. செப்டம்பர் முடிவதற்குள் நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஜெப்ஸி


சாயர்புரம்
7 செப்டம்பர் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி.

நேற்றுச் சனிக்கிழமை சொல்லாமல் போனேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். என்னிடம்தான் சாவி இருக்கிறதே, திறந்து உள்ளே போனேன். நீ தேடுகிற இடமெல்லாம் தேடினேன். அரிசி டப்பா, பீரோ மேல், குளியலறைப் பரண், மெத்தைக்கு அடியில். பாட்டிலும் இல்லை, மூடியும் இல்லை. வீடு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின், சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. இதோ அகப்பட்டது என்று பிரித்தேன்.

உள்ளே உன் கடிதங்கள், ஜெப்ஸி. மூன்று. மூன்றும் பிரிக்கவே இல்லை. பாட்டில் இருந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்கமாட்டேன்.

அந்த நேரம் அவர் மாடியேறி வந்துவிட்டார். "மதினி, அத மூடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், மூடுங்க" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மூடினேன். கீழே வந்து காபி போட்டுக் கொடுத்தார், அவர் குடிக்கவில்லை. திடீரென்று கேட்டார்: "ஜெப்ஸி அங்கன எப்படி இருக்கா? மறைக்காமச் சொல்லுங்க."

வயிற்றில் உன் ரகசியத்தை வைத்துக்கொண்டு அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? காலண்டரைப் பார்த்தபடி, "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்றேன்.

"ஒங்களுக்கும் தெரியும் போல" என்றார். குடிக்காத காபியைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

வேலை விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது, ஜெப்ஸி. அந்தக் கோபத்தில்தான் பிரிக்காமல் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். சொல்லாதே என்று உனக்குச் சொன்னவள் நான். புத்தி கெட்டு ஆலோசனை சொன்னேன், என்னை மன்னி.

அக்கா


தூத்துக்குடி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

நான் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நான் குடிக்கவில்லை.

மதினி வந்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால் இனி மூடிவைத்து எழுத முடியாது.

மே மாதக் கடிதத்தைப் பிரித்ததும் உள்ளேயிருந்து ஜின் வாசம் வந்தது. கப்பல் ஜின். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். பத்து வருஷம் அதுதான் எனக்கு மூச்சு. குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய், காகிதத்தில் சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். எழுத்து கோடு தாண்டியிருக்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. என்னைவிட நன்றாகப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன்.

கேட்கலாம் என்று பேனாவை எடுத்தேன். யார் யாரைக் கேட்பது? நீ வாசலில் நின்று என் சட்டையை முகரும்போது நான் உன்னை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்.

அடுத்த கடிதம் வந்தபோது உறைக்கு வெளியிலேயே வாசம். மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நாக்கில் தண்ணீர் ஊறியது. பெண்டாட்டி கடிதத்தைப் பார்த்து ஒருவனுக்கு அப்படி ஊறலாமா? எழுந்து கடைவரை போய்விட்டேன். வரிசையில் என் முன்னால் நாலு பேர். மூன்று பேரானதும் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே டின்னில் போட்டு மாடியில் வைத்தேன். பிறகு வந்த இரண்டையும் தபால்காரரிடம் வாங்கி நேராக மாடிக்குக் கொண்டுபோனேன். நீ என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பதில் எழுதினேன். மன்னித்துக்கொள்.

இரண்டு பேரில் ஒருத்தராவது நிற்கவேண்டும். நீ விழுந்தால் தூக்குவதற்கு நான் தெளிவாக இருக்கவேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் இந்த நாலு மாதமும் நின்றேன்.

வேலை போனால் போகிறது. வீட்டுக்கு வா. வாசலில் உன்னை நிறுத்தமாட்டேன், எங்கே, எவ்வளவு என்று கேட்கமாட்டேன். குடித்துக்கொண்டிருந்தாலும் வா.

ரெக்சன்


ஃபோர்ட் வில்லியம்
6 அக்டோபர் 2025

என் அத்தானுக்கு,

இதைப் பயமில்லாமல் பிரிக்கலாம். தலைக்கு இரண்டு தரம் குளித்து, துவைத்த துணி உடுத்தி, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, இந்த ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, கடையில் வாங்கின தாளில் எழுதுகிறேன். நாலு நாளில் சேரும் கூரியரில் இங்கிருந்தே போடுகிறேன்.

நான் குடிக்கவில்லை. ஒரு சொட்டும் விழுங்கியதில்லை. நான் வேலை செய்யும் இடம் ஜின் காய்ச்சுகிற பட்டறை. நான் பறித்த பூ, இலை, காய் எல்லாம் அதற்குத்தான். காயவைக்கும் அறையில் உட்கார்ந்து எழுதினேன், தாளையும் அங்கேயே வைத்தேன். ஜூனிப்பர் மூட்டைக்கு மேலேதான் அந்த இழுப்பறை. ஊருக்கே மூக்கு நான் என்று மோராக் சொல்வாள். என் காகிதத்தில் ஏறினது மட்டும் எனக்குத் தெரியவில்லை. பழகிவிட்டது.

நீங்கள் விழுந்துவிடக் கூடாது என்றுதான் மறைத்தேன். மறைத்து, மாதாமாதம் உங்கள் வீட்டு வாசலுக்கே அதை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃபோனில் சொல்ல மூன்று தரம் உங்கள் எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன் நிறுத்திவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் உங்களை எடைபோட ஆரம்பித்துவிடுவேன். இந்தக் கடிதத்துக்குப் பிறகு அதை நான் செய்யக் கூடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அக்கா கடிதம் 24ஆம் தேதி வந்தது. நீங்கள் கோபத்தில் என் கடிதங்களைப் பிரிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். என்னை விட்டுவிட்டீர்கள் என்று முடிவு செய்தேன். 29ஆம் தேதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன், மூன்று வருஷத்துக்கு. உங்கள் கடிதம் அதற்கு நாலு நாள் கழித்து வந்தது. மோராக்கிடம் சொன்னேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் கிழித்துவிடலாம் என்றாள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் கிழித்துவிட்டு வந்துவிடுகிறேன்.

என்னைக் குடிகாரி என்று நினைத்துக்கொண்டு, அப்போதும் "குடித்துக்கொண்டிருந்தாலும் வா" என்று எழுதினீர்களே. பத்து வருஷத்தில் நான் உங்களிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நிறுத்திவிட்டு வாருங்கள் என்றுதான் சொன்னேன். அதை நினைத்து இங்கே எல்லார் முன்னாலும் அழுதுகொண்டிருக்கிறேன். நூலகத்து அம்மாள் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள்.

உங்கள்
ஜெப்ஸி


தூத்துக்குடி
26 அக்டோபர் 2025

அன்புள்ள ஜெப்ஸிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மழை பிடித்துக்கொண்டது இங்கே. தெருவில் முழங்கால் தண்ணீர்.

உன் கடிதம் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றபடியே படித்தேன். குடிக்கவில்லை என்ற வரியை ஐந்தாறு தரம் படித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மே மாதத்திலிருந்து ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது, அதை யாரோ இறக்கிவைத்த மாதிரி. முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். மதினிக்கு உடனே சொல்லவேண்டும் என்று கிளம்பினேன். போகிற வழியில் மக்ரூன் கால் கிலோ வாங்கினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு அந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். அன்றைக்கு வரிசையே இல்லை. துக்கத்தில் நின்றவன் நான், ஜெப்ஸி. நீ விழுந்துகிடக்கிறாய் என்று நினைத்தவரைக்கும் நின்றேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்ததும் என்னை நிற்கச் சொல்ல ஒருத்தரும் இல்லை. சந்தோஷத்தில் குடித்தேன். மக்ரூன் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே குடித்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள். ஞாயிறு மதினி வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பாஸ்கல் அண்ணன் வந்து தண்ணீர் ஊற்றித் தெளியவைத்தார். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷம் ஒன்பது மாதம் போய்விட்டது. இன்று பதிமூன்றாம் நாள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், அப்படியும் எழுத்து கோடு தாண்டுகிறது, நீயே பார்.

ஒப்பந்தத்தைக் கிழிக்காதே. என்னைக் காவல் காக்க என்று நீ வரவேண்டாம். காவல் காத்துக் காத்துத்தான் நீ அவ்வளவு தூரம் போனாய். டின்னில் இருந்த உன் கடிதங்களையும் இப்போது பிரித்துப் படித்துவிட்டேன். நானும் அங்கே வரமாட்டேன். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் கொப்பரையை வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது. மூன்று வருஷம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. இன்று போய்விடும் என்று நினைக்கிறேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நல்ல சுகம், மழை, கப்பல் என்று எழுதினால் உனக்குத் தெரிந்திருக்காது. கை சரியாகட்டும் என்று இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் எழுத்தும் நேராக வந்திருக்கும். இத்தனை வருஷத்தில் நீயாகக் கண்டுபிடிக்காமல், நானாக உன்னிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

ரெக்சன்